நிறுத்தத்தைத் தாண்டி நின்ற பஸ்

தொழிற்சாலை பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கை தரையிலிருந்து நல்ல உயரம். அங்கே உட்கார்ந்தால், பக்கத்தில் ஊர்ந்து வரும் கார்களுக்குள் ஓட்டுகிறவர்களின் மடி வரைக்கும் தெரியும். பதினான்கு வருடமாக ரமணி அந்த மடிகளைப் பார்த்துப் பார்த்து கொதித்துப் போயிருந்தாள். கழுத்துப்பட்டை கட்டிய ஆள் ஒருவர் முழங்கையால் ஸ்டியரிங்கைத் தாங்கிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் போனில் தட்டிக்கொண்டு போவார். பின் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் வீடியோ பார்த்துச் சிரித்தபடி போவாள். மோட்டோக்காரர்கள் ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, கடற்காற்றுக்கு மேலே கத்திப் பேசியபடி பறப்பார்கள்.

இப்படி யாரைக் கண்டாலும் ரமணி ஹோனை அழுத்துவாள். சும்மா ஒரு தட்டு அல்ல. அந்த ஆள் திடுக்கிட்டுப் போனைக் கீழே போடும்வரை கையை எடுக்கவே மாட்டாள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும் பெண்கள் விழித்துக்கொண்டு, "இன்னிக்கு அக்காகிட்ட யாரோ மாட்டிக்கிட்டான்லா" என்று சிரிப்பார்கள். ஒருமுறை ஜெலுத்தோங் சிக்னல் விளக்கில் ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கி ஏதோ முறைத்துப் பேசினான். ரமணி ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, "உன் பிள்ளை ரோட்டைக் கடக்கும்போது எவனாவது இப்படிப் போனைப் பார்த்துக்கிட்டு வரட்டும், அப்ப வந்து எங்கிட்ட பேசு" என்று மலாயிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டி அனுப்பினாள். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஐந்தாறு வண்டிகள் ஹோன் அடித்தன. அவள் முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. நிபோங் திபாலில் பிறந்து, பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவள். பதினேழு வருடம் கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சிறிய மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடினாள். ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அழுதுகொண்டு நிற்க, ரமணி மட்டும் மேலாளர் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மூணு மாசத்துக்கு முன்னாடியே தெரியும்தானே, அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். பஸ் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு லைசென்ஸ் எடுக்கப் போனாள். "கால் கிளட்ச்சுக்கு எட்டுமா?" என்று கேட்ட தேர்வு அதிகாரியை முறைத்துவிட்டு, முதல் முறையிலேயே தேறினாள். அன்றிலிருந்து டத்தோ கிராமாட்டில் கிளம்பி, ஜெலுத்தோங், குளுகோர் வழியாகப் பாயான் லெப்பாஸ் வரைக்கும் நாற்பது பேரைத் தினமும் கொண்டு போய்க் கொண்டு வந்தாள். ஒரு கீறல் கிடையாது. அதில் அவளுக்குப் பெரிய பெருமை.

அந்த நாற்பது பேரில் காமாரியா முக்கியமானவள். குளுகோர் அடுக்குமாடி வீட்டிலிருந்து வருகிறவள். கணவர் இப்ராஹிமுக்கு டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் சமையல் வேலை. பழைய தொழிற்சாலையில் ரமணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். பிறகு இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து, ரமணியின் பஸ்ஸிலேயே வரத் தொடங்கினாள். பஸ்ஸில் ஏறியதும் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கைதான் அவளுக்கு. வேறு யாராவது உட்கார்ந்தால் காமாரியா சொல்லும் முன்பே ரமணி எழுப்பிவிடுவாள்.

பஸ் கம்பெனியில் டிரிப் மேனேஜர் புவனேஸ்வரன். ரமணியைவிடப் பத்து வயது இளையவன். வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். காலை ஆறரைக்கு ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் கேள்விகள் விழ ஆரம்பிக்கும். எங்க இருக்கீங்க? எத்தனை பேர் ஏறிட்டாங்க? ஏன் பதில் இல்ல? இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் போன் அடிப்பான். பதில் போடாதவர்களின் பெயர் சாயங்காலம் அதே குழுவில் சிவப்புக் குறியோடு வரும். ரமணியும் பதில் போடுவாள். ஆனால் சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும்போது மட்டும்தான் போடுவது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருந்தாள். அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை என்றும் நம்பினாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. குளுகோர் நிறுத்தத்தின் கூரைக்கு முன்னால் நிற்க வேண்டிய பஸ், அதைத் தாண்டி, ஒரு பக்கச் சாலையின் வாயையும் தாண்டி, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளிப் போய் நின்றது. மழையில் கண்ணாடி மங்கியிருந்தது, அதனால்தான் கவனிக்கவில்லை என்று ரமணி நினைத்துக்கொண்டாள். இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, காமாரியா நீலக் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடி வருவது தெரிந்தது. பக்கச் சாலையின் வாயைக் கடக்கையில் ஒரு வெள்ளைக் கார் பெரிய சாலையிலிருந்து வேகம் குறைக்காமல் இடப்பக்கம் திரும்பியது. குடை மட்டும் மேலே போனதை ரமணி பார்த்தாள்.

அவள் எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள் என்பது நினைவில் இல்லை. காமாரியா தார்ச்சாலையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கால் இருக்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. "அக்கா, கால்... அக்கா, கால்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ரமணி தன் மழைச்சட்டையைக் கழற்றி அவள் தலைக்கடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, காரிலிருந்து ஒரு இளைஞன் இறங்கி நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை. கையில் போன் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ரமணி அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"கண்ணு எங்கடா இருந்துச்சு உனக்கு?"

"மேப் தான்க்கா பார்த்தேன்... ரெண்டு செகண்ட் தான்... அவங்க திடீர்னு ஓடி வந்துட்டாங்க..."

"மேப்பா? மேப்ல பொம்மை சிரிக்குதா?" அவன் கையிலிருந்த திரையில் யாரோ அனுப்பிய மஞ்சள் முகங்கள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. "ரெண்டு செகண்டாம் ரெண்டு செகண்ட்! அந்த ரெண்டு செகண்டுல ஒருத்தி காலை எடுத்துட்டியேடா, பாவி!"

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் நான்கு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்து இழுத்தார்கள். அந்த இளைஞன் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து அழுதான். அவன் பெயர் குணாளன் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று அவன் அழுகை ரமணிக்கு அருவருப்பாக இருந்தது.

மதியத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் காமாரியாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்ராஹிம் கடையிலிருந்து வந்தபடியே, மசாலாக் கறை படிந்த ஏப்ரனோடு வராந்தாவில் நின்றார். யாராவது டாக்டர் கடந்து போனால் உடனே ஏப்ரனைக் கழற்றப் பார்ப்பார், பிறகு மறந்துவிடுவார். ரமணி அவர் முன்னால் நின்று சொன்னாள்: "அவனை நான் விடமாட்டேன் அண்ணே. என் பஸ்ல முன்னாலயும் பின்னாலயும் கேமரா இருக்கு. எல்லாம் பதிவாயிருக்கும். அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு வந்தான்னு உலகத்துக்கே காட்டுறேன்." மறுநாள் காமாரியாவுக்கு நினைவு தெளிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டும் இதையே சொன்னாள். காமாரியா தலையை மட்டும் ஆட்டினாள்.

போலீஸ் பாலாயில் விசாரணை அதிகாரியான சார்ஜண்ட், ஓட்டிய இளைஞன் வேறு மாதிரிச் சொல்கிறான் என்றார். அந்த அம்மா பார்க்காமல் குறுக்கே ஓடினார், பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். "காலையும் எடுத்துட்டு பழியையும் எங்க மேல போடுறானா?" என்று ரமணி மேசையைத் தட்டினாள். கேமரா பதிவு வேண்டும் என்றார் சார்ஜண்ட். நாளைக்கே கொண்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

வியாழக்கிழமை பிற்பகல் கம்பெனி அலுவலகத்தில் புவனேஸ்வரனின் மடிக்கணினியில் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். முன்பக்கப் பதிவில் திரை இரண்டு பாதியாக ஓடியது. இடது பாதியில் சாலை. வலது பாதியில் ஓட்டுநர். பஸ்ஸுக்குள்ளும் ஒரு கேமரா தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதையே ரமணி என்றோ மறந்திருந்தாள்.

முதலில் இடது பாதியைத்தான் பார்த்தாள். மழை, வைப்பர், குளுகோர் கடைகள். பிறகு ஏதோ அசைய, பார்வை வலப்பக்கம் போனது. திரையில் இருந்த ரமணியின் இடது கை கியரிலிருந்து எழுந்தது. டேஷ்போர்டிலிருந்து போனை எடுத்தது. முகம் குனிந்தது. கட்டைவிரல் அசைந்தது. மூலையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. இடது பாதியில் நிறுத்தத்தின் கூரை வந்தது. அதன் கீழே நீலக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸைக் கண்டு கையை உயர்த்திய காமாரியா வந்தாள். அவளும் பின்னால் போனாள். நான்கு. ஐந்து. ஆறு. முகம் நிமிர்ந்தது. பஸ் குலுங்கி நின்றது.

பக்கத்தில் சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

ரமணி தன் போனை எடுத்து அந்த நேரத்து உரையாடலைத் தேடினாள். ஏழு பதினான்குக்கு புவனேஸ்வரனின் செய்தி: ரமணிக்கா எங்க? அடுத்த வரியில் அதே நிமிடம் அவள் பதில்: குளுகோர் 31 பேர். அதை எழுதியது தான்தான். எழுதிய நினைவு ஒரு துளிகூட இல்லை. சிவப்பு விளக்குச் சட்டத்தை எத்தனை நாளாக இப்படி மீறிக்கொண்டிருந்தாளோ, அதுவும் தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் முகத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

புவனேஸ்வரன் மெதுவாக மடிக்கணினியை மூடினான்.

"வெளி கேமரா மட்டும் குடுத்துடுவோம்க்கா. உள் கேமரா ரொம்ப நாளா ரிப்பேர்னு சொல்லிடலாம். யாரும் கேட்க மாட்டாங்க. அந்தப் பையன் போன் பார்த்தது உண்மைதானே? அவன் மாட்டுனா போதும்லா."

"அந்த மெசேஜ் யாரு அனுப்புனது?"

"எல்லா டைவருக்கும் போறதுதானே. பஸ்ஸை ஓரமா நிறுத்திட்டுப் பதில் போடணும்னு ரூல் இருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ரெண்டு நிமிஷத்துல பதில் வரலைன்னா போன் அடிக்கிறியே, அது எந்த ரூல்ல இருக்கு? பேருக்குப் பக்கத்துல சிவப்புக் குறி போடுறியே, அது எந்த ரூல்ல இருக்கு? அந்த மழையில, அந்த ரோட்டுல, எங்க நிறுத்தச் சொல்ற பஸ்ஸை? சொல்லு, எங்க?"

"கத்தாதீங்க அக்கா. நான் உங்களைக் காப்பாத்தத்தான் பார்க்கிறேன்."

"நீ உன்னைக் காப்பாத்திக்கப் பார்க்கிற." மடிக்கணினியின் பக்கவாட்டிலிருந்து கேமராவின் சின்ன அட்டையை அவளே உருவி, கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். புவனேஸ்வரன் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, அது கம்பெனிச் சொத்து என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் கணவர் அர்ஜுனன் அப்போதுதான் பள்ளிக்கூடக் காவல் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். ரமணி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கொஞ்ச நேரம் சீருடைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார்.

"குடுத்தா உன் லைசென்ஸ் போயிரும்."

"அவளுக்குக் கால் போயிருச்சு."

"அப்ப பாலாய்க்கு முதல்ல போகாத. காமாரியாகிட்ட போ. இதை அவ போலீஸ்காரங்க வாயால கேட்கக் கூடாது."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும், வாடகைக் காரில் உட்கார்ந்துகொண்டு, ரமணி மனதுக்குள் எல்லோரையும் திட்டினாள். குணாளனை, புவனேஸ்வரனை, தன்னை. கடைசியில் மடியிலிருந்த போனையே திட்டினாள். நான் எந்தச் சாலையில் போகிறேன் என்று இதற்குத் தெரியும். எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று தெரியும். எங்கே நெரிசல் என்று எனக்கு முன்னால் தெரியும். ஓடுகிற வண்டியில் வாயை மூடிக்கொண்டு கிடக்க மட்டும் இதற்குத் தெரியாதா? செய்தவர்களுக்கு அது கூடவா தோன்றவில்லை? இப்படி நினைத்துக்கொண்டே வந்தவள், ஓட்டுநரின் போன் டிங் என்றதும், "தம்பி, அதைத் தொட்டீங்கன்னா நான் இங்கேயே இறங்கிருவேன்" என்றாள். அவன் பயந்துபோய் அதை இருக்கைக்கடியில் தள்ளினான்.

காமாரியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வையின் வலப்பக்கம் பாதியோடு தட்டையாக இருந்தது. இப்ராஹிம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ரமணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஆறு விநாடி என்பதையும், ஏழு பதினான்குக்குக் குளுகோர் 31 பேர் என்று பதில் தட்டியதையும் சொன்னாள். காமாரியா கையை உயர்த்தியதும், தான் குனிந்திருந்ததும் ஒரே திரையில் தெரிந்ததைச் சொன்னாள்.

காமாரியா போர்வையின் தட்டையான பக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான் கையைக் காட்டினேன் அக்கா. நீங்க பார்க்கலைன்னு தெரியும். வைப்பர் மறைச்சிருக்கும்னு நினைச்சேன். அக்கா என்னை விட்டுட்டுப் போகமாட்டாங்கன்னுதான் ஓடுனேன்."

"காமா..."

"அவன் யாரோ. ரோட்ல போறவன். நீங்க யாரு?" இப்போது குரல் ஏறியது. "முந்தாநாள் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவனை விடமாட்டேன்னு சொன்னீங்க. வர்ற போறவனையெல்லாம் ஹோன் அடிச்சுத் திட்டுவீங்களே, நாங்கெல்லாம் பின்னால உட்கார்ந்து அக்கா மாதிரி உண்டான்னு பேசுவோமே! எத்தனை நாளாக்கா எங்களை வச்சுக்கிட்டே இப்படிப் போனைப் பார்த்து ஓட்டுனீங்க? நாற்பது பேரு தூங்கிக்கிட்டு வந்தோமே!"

"தெரியல. சத்தியமா எனக்கே தெரியல."

"போங்க. போய் அதைப் போலீஸ்ல குடுங்க. குடுத்துட்டு இங்க வராதீங்க."

இப்ராஹிம் கையில் பாதி உரித்த ஆரஞ்சோடு எழுந்து, வாசல் வரைக்கும் வந்தார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று ரமணி நினைத்தாள். அவர் அவளை வெளியே விட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

பாலாயில் சார்ஜண்ட் பதிவை இரண்டு முறை பார்த்தார். நீங்களேதானா இதைக் கொண்டு வந்து கொடுக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். ரமணியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். போனைக் கையில் வைத்து ஓட்டியதற்கு அவள் பெயருக்கும் ஒரு அபராதச் சம்மன் எழுதினார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே ரமணி கேட்டாள்: சட்டம் எத்தனையோ வருடமாக இருக்கிறதே, பிறகு ஏன் சாலை முழுக்க இப்படி? சார்ஜண்ட் பேனாவை மூடினார். சோதனை போட்டால் பிடிக்கிறோம். எங்களைத் தாண்டி நூறு மீட்டர் போனதும் திரும்ப எடுக்கிறார்கள். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு போலீஸ்காரரை உட்கார வைக்க முடியாதே என்றார். உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மை அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. ஆள் பார்க்கும்போது மட்டும் பயப்படும் சட்டம் தன்னிடமும் இருந்ததே என்று நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவளைப் பார்க்க ஆள் யாரும் இருந்ததில்லை.

கம்பெனி அவளை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. மூன்றாவது வாரம் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி நூருல் ஹுதா என்ற பெண். முப்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, படபடவென்ற பேச்சு. தொழிலாளர்கள் வரும் பஸ்ஸில் நடந்தது என்பதால் ஒரு கூட்டம் வைத்திருந்தாள். புவனேஸ்வரன் படங்கள் போட்டு விளக்கிக்கொண்டிருந்தான். ஓட்டுநரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் புதுக் கேமரா வந்திருக்கிறதாம். கண் சாலையை விட்டு நகர்ந்தால் கத்துமாம். எத்தனை முறை கத்தியது என்று பட்டியல் வருமாம். எல்லா பஸ்ஸிலும் மாட்டப் போகிறார்களாம்.

ரமணி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"மேடம், நான் ஒண்ணு காட்டலாமா?" எழுந்து, கையோடு கொண்டு வந்திருந்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்தாள். மூன்று மாதத்துக் குழுச் செய்திகளை அச்செடுத்து, பஸ் ஓடும் நேரத்தில் வந்ததையெல்லாம் மஞ்சள் பேனாவால் தீட்டியிருந்தாள். பக்கம் பக்கமாக மஞ்சள். "ஒரு காலை டிரிப்புக்குப் பதினோரு மெசேஜ், மூணு போன். நான் பார்த்தது தப்பு. சம்மன் வாங்கிட்டேன், இன்னும் எது வந்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா கையில ஒரு பக்கம் போனைக் குடுத்துட்டு, கண்ணு அங்க போகுதான்னு பார்க்க இன்னொரு பக்கம் மெஷினா? என் கண்ணைக் கட்டுறதுக்கு முன்னால இவர் கையைக் கட்டுங்க."

"இது தனிப்பட்ட தாக்குதல்" என்றான் புவனேஸ்வரன். "உங்க தப்பை மறைக்க..."

"யாரு எதை மறைக்கப் பார்த்தாங்கன்னு நானும் சொல்லவா?"

கதவருகிலிருந்து, "நான் பேசணும்" என்று ஒரு குரல் வந்தது. காமாரியா சக்கர நாற்காலியில் இருந்தாள். இப்ராஹிம் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். நூருல் ஹுதா எழுந்து வழி விட்டாள். ரமணி அவளைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

காமாரியா ரமணியின் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு அந்தப் பையன் மேல கோபம். இந்த அக்கா மேல அதைவிடக் கோபம். இவங்க அழுதாலும் தீராது. ஆனா அவன் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான், இவங்க தானாப் போய்ப் போலீஸ்ல சொன்னாங்க, ரெண்டு பேரும் ஏதோ தலை குனிஞ்சாச்சு." புவனேஸ்வரனைப் பார்த்தாள். "நீங்க இன்னும் படம் போட்டுக்கிட்டு இருக்கீங்க. நான் அந்த முப்பத்திரண்டாவது ஆளு தம்பி. குளுகோர் முப்பத்தொரு பேருன்னு பதில் வந்துச்சே, அதுல சேராத ஆளு. நான் ஏறுனேனா இல்லையான்னு உங்களுக்கு ஏழு பதினாலுக்கே தெரிஞ்சாகணும், இல்ல? எட்டு மணிக்கு வாசல்ல எண்ணுனா என்ன கெட்டுப்போயிருக்கும்? சொல்லுங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

புவனேஸ்வரன் எண்ணிக்கையைக் கேட்பது தொழிற்சாலைதான், தாமதமானால் தங்களைத்தான் கேள்வி கேட்கிறார்கள் என்று முணுமுணுத்தான். நூருல் ஹுதாவின் முகம் சிவந்தது. அவள் மஞ்சள் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்படின்னா இது எங்க தலையிலயும்தான்" என்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. தொழிற்சாலை பஸ் ஒப்பந்தத்தில் புது விதி வந்தது: பஸ் கிளம்பியதிலிருந்து வாசலில் வந்து நிற்கும்வரை ஓட்டுநருக்கு யாரும் செய்தி அனுப்பக் கூடாது, அழைக்கக் கூடாது, அனுப்பினால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுநரின் போன் கதவருகே ஒரு பூட்டுப் பெட்டிக்குள் போனது. ஏறுகிறவர்கள் வேலை அட்டையைக் கதவோரக் கருவியில் தட்டினால் எண்ணிக்கை தானாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கருவி ஒரு பெண்ணின் உள்ளங்கை அளவுதான். இதற்கு ஒரு கால் தேவைப்பட்டதா என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் ரமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் பார்க்கும் கேமராவையும் மாட்டினார்கள். அதை வேண்டாம் என்று ஓட்டுநர்கள் சிலர் சொன்னபோது, ரமணி வேண்டும் என்றாள். தன்னை நம்புவதை அவள் விட்டுவிட்டிருந்தாள்.

லைசென்ஸ் போகவில்லை. நாலு மாதம் வேலையில்லாமல் இருந்த பிறகு, தொழிற்சாலை கேட்டுக்கொண்டதால் கம்பெனி அவளைத் திரும்ப எடுத்தது. புவனேஸ்வரன் வேறு கிளைக்கு மாறிப்போனான். குணாளன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதமும் சில வருடத்துக்கு வண்டி ஓட்டத் தடையும் விதித்தார்கள். ரமணி சாட்சிக்காகப் போய், சாட்சி தேவைப்படாமல், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் தன் தாயோடு வெளியே வந்தான். அவள் முன்னால் நின்று, மன்னிச்சிருங்கக்கா என்றான். "எங்கிட்ட கேட்காத. என்கிட்ட அது இல்ல" என்றாள் ரமணி. அவள் கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் ஆகஸ்டில் இருந்த அருவருப்பு அந்தக் கோபத்தில் இல்லை. அவன் முகத்தில் தன் முகத்தைப் பார்ப்பது போல இருந்ததால் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

காமாரியா ஏழு மாதம் கழித்துச் செயற்கைக் காலோடு வேலைக்குத் திரும்பினாள். உட்கார்ந்து செய்யும் பரிசோதனை வேலை கொடுத்தார்கள். ரமணியின் பஸ்ஸில் அவள் ஏறவில்லை. இப்ராஹிம் தினமும் மோட்டோவில் கொண்டு வந்து விட்டுவிட்டு, டவுனுக்குத் திரும்பிக் கடைக்குப் போனார். தொழிற்சாலை வாசலில் சில நாள் இருவர் கண்ணும் சந்திக்கும். சில நாள் காமாரியா தலையசைப்பாள். சில நாள் அசைக்க மாட்டாள். ரமணி இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆட்களை இறக்கிவிட்டு ரமணி பஸ்ஸைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஊன்றுகோல் படியில் தட்டும் சத்தம் கேட்டது. காமாரியா கீழே நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா. சிம்பாங் அம்பாட்டுலருந்து வர்ற பஸ்ஸுக்கு டைவர் புதுசா வந்திருக்கார்ல. கடல் பாலத்துல எங்க மோட்டோவுக்குப் பக்கத்துலதான் வந்தாரு. இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் தங்கச்சி வீட்டுலருந்து அந்தப் பக்கமா வந்தோம். அந்த டைவர் காதுல போன். பெட்டியில வைக்கல."

"நல்லாப் பார்த்தியா?"

"நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?" என்றாள் காமாரியா. "மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா டைவர்கிட்ட டைவர்தான் பேசணும். போங்க."

ஒன்றரை வருடத்தில் அவள் ரமணியிடம் சொன்ன முதல் வேலை அது. மன்னிப்பு எதுவும் அதில் இல்லை என்று ரமணிக்குத் தெரியும். துடைப்பத்தை இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினாள். வெயில் ஏறத் தொடங்கிய அந்த முற்றத்தில், ஆறு பஸ்களைத் தாண்டி, சிம்பாங் அம்பாட் பஸ் நின்ற இடத்தை நோக்கி வேகமாக நடந்தாள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ரமணி படியில் ஒரு காலை வைத்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அந்தக் காப்பியைக் கீழ வைங்க. உங்ககிட்ட பேசணும்."